வயிற்றெரிச்சல் கமிட்டி

கையில் ஒரு பிடி ஈரச் சிமென்ட்டை வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இருந்தால் இந்தச் சிமென்ட் என் கையிலேயே கல்லாகப் போகட்டும். காண்ட்ராக்டர்கள் செய்யும் சத்தியங்களில் இதைவிடப் பெரியது ஒன்றுதான் உண்டு. அதை பில் பாஸாகும் அன்றைக்கு மட்டும் செய்வோம்.

விஷயம் என் சகலையைப் பற்றியது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைப் போலவே கட்டிட காண்ட்ராக்டர். எங்கள் இருவருக்கும் ஒரே ஊர், ஒரே நகராட்சி, ஒரே மாமியார். முதல் இரண்டையும் எப்படியாவது சமாளித்துவிடலாம்.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு. அவன் எழுப்பும் சுவர் அவ்வளவு நேர். அவன் கட்டிய தபால் நிலையச் சுவரில் முதுகுவலிக்காரர்கள் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றால் போதும், கூன் நிமிர்ந்துவிடும். பிழைப்புப் போய்விட்டது என்று எலும்பு வைத்தியர் ஒருவர் நகராட்சியில் புகார் கொடுத்ததை நானே பார்த்தேன். எனக்கு ஊர் வைத்த பெயர் பரவால்ல. யாராவது என் கட்டிடத்தில் விரிசலைக் காட்டினால் நான் சொல்கிற பதில் அது. நான் கட்டிய பள்ளிக்கூடத்தில் தரை கொஞ்சம் சாய்வு. காலையில் முன்வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் சாயங்காலம் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாரையும் ஒரே இடத்தில் எண்ணிவிடலாம், சௌகரியம்தான் என்றார் தலைமையாசிரியர். பரவால்ல என்றேன்.

எனக்கு அவன்மேல் பொறாமை என்று பலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அபாண்டம். பொறாமை சின்ன வியாதி, ஜலதோஷம் மாதிரி. எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல். அவனுக்கு ஒரு டெண்டர் கிடைத்த செய்தி வந்தால் அன்றைக்கு என் மனைவி அடுப்புப் பற்றவைக்கமாட்டாள். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின்மேல் பாத்திரத்தை ஏற்றிவிடுவாள். வெந்நீர் தயார். பெரிய டெண்டராக இருந்தால் முட்டையும் வெந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையானால் மற்றவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். நான் சகலை கட்டிய கட்டிடங்களுக்குப் போவேன். ஒரு விரிசல் தென்படாதா, ஒரு கசிவு கிடைக்காதா என்று சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் சிக்காது. வேலை நடந்துகொண்டிருக்கும் கட்டிடமென்றால் எதிர்ப்பக்கத்து மாடியில் அறை எடுத்து ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அவன் படியின் விளிம்பை உருட்டிவிட்டால் அடுத்த வாரமே என் படியும் உருளும். அவன் ஜன்னலின் அடித்திட்டை வெளிப்பக்கம் சாய்த்தால் என் ஜன்னலும் சாயும். அவன் ஆட்கள் ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடின் விளிம்பில் குனிந்து ஒரு கோடு இழுத்தார்கள், நானும் இழுக்கச் சொன்னேன். இது எதுக்குங்க என்று கேட்ட என் கொத்தனாரிடம், அவன் இழுத்திருக்கான்ல, இழு என்றேன். என் கட்டிடங்களின் பக்கம் மட்டும் நான் தலைவைத்துப் படுப்பதில்லை. பில் பாஸான பிறகு கட்டிடத்தைத் திரும்பிப் பார்ப்பது எங்கள் தொழிலில் மரியாதைக் குறைவு.

அப்போதெல்லாம் நகராட்சி காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்த முறை மிக எளிமையானது. யார் குறைந்த விலை எழுதுகிறானோ அவனுக்கு வேலை. கட்டியது நிற்குமா என்பதை யாரும் கேட்பதில்லை, நிற்பதற்குத் தனி டெண்டர் இல்லை. சகலை நியாயமான விலை எழுதுவான். நான் அதை எப்படியோ மோப்பம் பிடித்து அதற்குக் கீழே எழுதுவேன். என் மூக்கு அடைத்திருக்கும் நாட்களில் மட்டும் வேலை அவனுக்குப் போகும். ஆற்றுப்பாலத்துக்கு டெண்டர் வந்தபோது அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பாலத்தை இனாமாகவே கட்டித் தருகிறேன் என்று எழுதிவிட்டான். நான் விடுவேனா? இனாமாகக் கட்டி, கட்டி முடிக்கும்வரை நகராட்சி ஊழியர்கள் அத்தனை பேருக்கும் டீயும் வாங்கித் தருகிறேன் என்று எழுதினேன். வேலை எனக்கு வந்தது. அந்த விலைக்கு என்ன கட்ட முடியுமோ அதைக் கட்டினேன். பாதிப் பாலம். மக்கள் சாயங்காலம் முனைவரை நடந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வருவார்கள். அக்கரையில் சொந்தம் உள்ளவர்கள் அங்கே நின்று கத்திப் பேசிக்கொள்வார்கள். ஒரு கல்யாணம்கூட அப்படிப் பேசி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தித்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் புது ஆணையர் வந்தார். பெண்மணி. வந்த அன்றைக்கே பாலத்தின் முனைவரை நடந்தார். குனிந்து ஆற்றைப் பார்த்தார். திரும்பி நடந்துவந்து, ஊரிலுள்ள காண்ட்ராக்டர்கள் எல்லாரையும் நகராட்சிக் கூட்ட அறைக்கு வரச்சொன்னார். அந்த அறையில் கதவைச் சாத்த முடியாது, மின்விசிறி சுவரில் இடிக்கும். அதைக் கட்டியது யார் என்பது இங்கே தேவையில்லை.

ஊருக்கு ஒரு தாய்சேய் ஆஸ்பத்திரி வரப்போகிறது, இந்த நகராட்சி இதுவரை கட்டியதிலேயே பெரிய வேலை அதுதான் என்று ஆரம்பித்தார். என் வயிறு அப்போதே சூடு பிடித்தது. விலை குறைவு என்பதற்காக மட்டும் இனி யாருக்கும் வேலை கிடையாதாம். விலைக்குக் கொஞ்சம் மார்க். மீதி அத்தனை மார்க்கும், நாங்கள் ஏற்கெனவே கட்டியவை இன்றைக்கு எப்படி நிற்கின்றன என்பதற்கு. அதை யார் பார்த்து மார்க் போடுவது என்று எங்களில் மூத்தவரான மீசைக்காரர் கேட்டார்.

"நீங்கதான்," என்றார் ஆணையர். "ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர்."

முறையை விளக்கினார். ஒவ்வொரு கட்டிடத்திலும் பெயர்ப்பலகையையும் திறப்புவிழாக் கல்லையும் துணி போட்டு மூடிவிடுவார்கள். யார் கட்டியது என்று தெரியாது. யாருக்கு எந்தக் கட்டிடம் என்பது சீட்டுக் குலுக்கி வரும். எங்கள் கையில் ஒரு சாக்பீஸ். குறை கண்ட இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும், ஏன் குறை என்று பக்கத்தில் நிற்கும் இளம் இன்ஜினியருக்குக் காட்ட வேண்டும். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து அவர் ஒப்புக்கொண்டால்தான் வட்டம் நிற்கும். தன் கட்டிடமே தனக்கு வந்துவிட்டால் சொல்லிவிட வேண்டும், மாற்றித் தருவார்கள். இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். கடைசியாக ஒன்று சொன்னார், அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பட்டியலில் கடைசியாக வருகிறவர் மூன்று வருஷத்துக்கு நகராட்சி வேலை எதையும் தொட முடியாது.

மீசைக்காரர் எழுந்தார். "அம்மா, ஒரே தொழில்காரங்க நாங்க. ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. வயித்தெரிச்சல்ல இல்லாத குறையெல்லாம் சொல்லிடுவாங்க."

"இல்லாத குறைய இன்ஜினியர் தள்ளிடுவார்," என்றார் அவர். "இருக்கிற குறைய ஒண்ணு விடாம யார் சொல்லுவா? எங்க ஆளுங்க வெளிச்சுவரப் பார்த்துட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. உங்களுக்குத்தான் உள்ள வரைக்கும் போய்ப் பார்க்கற வெறி இருக்கு. அந்த வெறி சும்மா வீணாப் போகுது. ஊருக்காகக் கொஞ்சம் எரியட்டுமே."

இத்தனை வருஷமாக என்னை வீட்டில் திட்டினார்கள், வெளியில் சிரித்தார்கள். என் திறமையை அடையாளம் கண்டுகொண்ட முதல் அதிகாரி அவர்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. அரசாணையில் அந்தக் குழுவுக்கு ஏதோ நீளமான பெயர். ஊர் அதற்கு அன்றைக்குச் சாயங்காலமே வயிற்றெரிச்சல் கமிட்டி என்று பெயர் வைத்துவிட்டது.

அன்றிரவு சாப்பாடு மாமியார் வீட்டில். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன மாப்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். நான் வந்தால் நீட்டிய காலை மட்டும் மடக்கிக்கொள்வார், தாண்டிப் போக வசதியாக. அன்றைக்கு விஷயத்தைக் கேட்டதும், கடைசி இடம் யாருக்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

"பெரிய மாப்பிள்ளை, அதுக்காக நீங்க மனசு ஒடிஞ்சு போகவேண்டாம்," என்றார். "மூணு வருஷம் சின்னவர் சைட்டுல நின்னு ஆளுங்களப் பார்த்துக்கங்க. வெளியாளுக்குப் போற சம்பளம் வீட்டுக்குள்ளயே சுத்தும்."

சகலை உடனே, "அத்தை, அண்ணனைப் போய் அப்படிச் சொல்லாதீங்க," என்றான். நல்லவன் என்று பெயர் எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு என் பக்கம் திரும்பி, "நின்னுல்லாம் வேலை பார்க்க வேணாம்ண்ணே. நாற்காலி போட்டுடறேன்," என்றான்.

வெட்டரிவாளால் வெட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலி போடுகிறானாம். என் மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அவள் விரல் நுனியில் கொப்புளம் ஆற இரண்டு நாள் ஆனது. அன்றைக்கு முடிவு செய்தேன். ஆஸ்பத்திரி எனக்குக் கிடைக்கிறதோ இல்லையோ, அவனுக்குக் கிடைக்கக் கூடாது. எனக்குக் கடைசி இடமே வந்தாலும், அவன் சைட்டில் அவன் போட்ட நாற்காலியில் நான் உட்காரக் கூடாது.

சீட்டில் எனக்கு மூன்று கட்டிடங்கள் வந்தன. முதலாவது ஒரு பேருந்து நிழற்குடை. அதன் தூண்களில் ஒன்று குட்டை. பார்த்ததுமே மீசைக்காரர் வேலை என்று தெரிந்துவிட்டது, அவருக்கும் ஒரு கால் குட்டை. அவர்மேல் எனக்கு எரிச்சல் ஏதும் இல்லாததால் மூன்று வட்டத்தோடு விட்டேன். இரண்டாவது ஒரு சந்தைக் கூடம். அதைப் பற்றி எனக்கு இன்றுவரை எந்த அபிப்பிராயமும் இல்லை.

மூன்றாவது நூலகம். முன்பக்கத்துத் தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் இளம் இன்ஜினியரும் நானும் பின்வாசல் வழியாகப் போனோம். நிறைய தடவை வண்ணம் மாறிய கட்டிடம். பக்கத்தில் ஒரு மரம் பாதிச் சுவரை மறைத்து வளர்ந்திருந்தது. பின்வாசல் படியில் கால் வைத்தேன். விளிம்பு உருட்டிவிட்டிருந்தது. நிமிர்ந்தேன். ஜன்னல் அடித்திட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. சன்ஷேடின் விளிம்பில் கோடு. சாக்பீஸைக் கையில் எடுத்தேன். சகலையின் கைவேலை. இந்த ஊரில் வேறு எவன் இப்படிக் கட்டுவான்? நான் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிற பட்டியலில் இது இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் உடனே காரணம் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷமாக இதை என் கண்ணில் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறான். மறைக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இருந்தது. நான் சொல்வதை நம்புங்கள், அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை. படியின் விளிம்பு உருண்டிருந்தது, ஆனால் படி ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். நாலு வட்டம். ஜன்னல் திட்டு சாய்ந்திருந்தது, ஆனால் ஜன்னலும் சேர்ந்து சாய்ந்திருந்தது. வரிசையாக வட்டம். உள்ளே நடுக்கூடத்தில் இன்ஜினியரின் பேனா தரையில் விழுந்து உருண்டது. அது மேசைகளுக்கு அடியில் புகுந்து, அலமாரிகளைச் சுற்றி, நூலகர் நாற்காலியருகே வந்து நின்றது. நூலகர் குனியாமலே எடுத்துக் கொடுத்தார். உள்ளே எது விழுந்தாலும் தன்னிடம்தான் வருமென்றும், தொலைந்த பொருளைத் தேடி யாரும் அலைந்ததில்லை என்றும் சொன்னார். அவர் கால்மாட்டில் நாலைந்து பேனா மூடிகளும் ஒரு பல்செட்டும் கிடந்தன. அங்கே ஒரு பெரிய வட்டம்.

ஆனால் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது சன்ஷேடுதான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அந்தக் கோடு இருக்கவேண்டியது அடிப்பக்கத்தில். மேலே விழும் மழைத்தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகச் சுவருக்கு ஊர்ந்து வரும். அடியில் ஒரு கோடு பள்ளமாக இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இங்கே கோடு மேல்பக்கத்தில் இருந்தது. தண்ணீரைத் தடுப்பதற்குப் பதில் பிடித்து வைத்துச் சுவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புத்தகங்கள் அந்தச் சுவரோரமாகக் காளான் பூத்து நின்றன.

"தம்பி, இதப் பாருங்க," என்று இன்ஜினியரை ஏணியில் ஏற்றினேன். "எவனோ செஞ்சதைப் பார்த்துட்டு, எதுக்குச் செய்யறான்னே தெரியாம மேல இழுத்து வெச்சிருக்கான். இதைக் கட்டினவனைச் சிமென்ட் மூட்டை பக்கத்துல விடலாமா?"

இன்ஜினியர் ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு வட்டத்தையும் ஒப்புக்கொண்டார். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. இவ்வளவு நுட்பமாகக் கட்டிடம் பார்க்கிற ஆளைத் தான் படித்த காலேஜில்கூடப் பார்த்ததில்லை என்றார். சாயங்காலம் வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். நூலகம் முழுக்க அம்மை போட்டது மாதிரி வெள்ளை வட்டங்கள். வயிறு ஜில்லென்று இருந்தது.

மறுநாள் எல்லாக் காண்ட்ராக்டர்களும் ஆணையரும் ஊர்வலம் மாதிரி ஒவ்வொரு கட்டிடமாகப் போய்த் துணியை விலக்குவதாக ஏற்பாடு. நூலகம் கடைசி. ஊரில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். இம்முறை பலகை போட்டு முன்வாசலுக்கு வழி செய்திருந்தார்கள். நான் சகலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், அவன் முகம் மாறும்போது அருகில் இருக்க வேண்டும் என்று. ஆணையர் கல்மேல் இருந்த துணியை இழுத்தார்.

கல்லில் என் பெயர் இருந்தது.

கல்லையும் அந்த முன்வாசலையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கத்து மாடியில் அறை எடுத்துச் சகலையின் வேலையைப் பார்த்தேனே, அந்த மாடியிலிருந்து சன்ஷேடின் மேல்பக்கம்தான் தெரியும். அவன் ஆள் குனிந்து, கையை வளைத்து அடியில் இழுத்த கோட்டை, அவன் மேலே இழுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வந்து இங்கே மேலே இழுக்கச் சொன்னேன். அவனைப் பார்த்து எழுதின பரீட்சையில் நானே முட்டை போட்டிருக்கிறேன்.

மீசைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. சகலை மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து சன்ஷேடைப் பார்த்தான், அந்தக் கோட்டைப் பார்த்தான், அது எங்கேயிருந்து வந்தது என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு இருக்கிறதே, அதற்கு அவன் சிரித்தே இருக்கலாம்.

ஆணையர் என்னை ஓரமாக அழைக்கவில்லை, எல்லார் முன்னாலும்தான் கேட்டார். "உங்க கட்டிடம்னு தெரியாம பார்த்திருக்கீங்க. விதிப்படி நீங்க கேட்டா இந்த மதிப்பீடு செல்லாது. வேற ஒருத்தர் வந்து முதல்லேருந்து பார்ப்பார். கேட்கறீங்களா?"

நான் கணக்குப் போட்டேன். வேறு யார் வந்து பார்த்தாலும் இதில் பாதிக் குறைகூடக் கண்ணில் படாது. ஏனென்றால் என்மேல் பொறாமைப்பட இந்த ஊரில் ஆளே கிடையாது. ஏழெட்டு வட்டத்தோடு தப்பித்துவிடுவேன், கடைசி இடம் மீசைக்காரருக்குப் போய்விடும். சகலை என் காதருகில் வந்து, "செல்லாதுன்னு சொல்லிடுங்கண்ணே. நான் வேணா வந்து பார்க்கறேன். பார்த்துப் போடறேன்," என்றான்.

பார்த்துப் போடுகிறானாம். நாற்காலி போட்டது போதாதென்று இப்போது மார்க்கும் போடுகிறானாம். அவன் தயவில் நான் பாஸாக வேண்டும். அதைவிட இன்னொன்றும் உறைத்தது. இந்த வட்டங்கள் செல்லாது என்று நானே சொல்லிவிட்டால், என் கண்ணே செல்லாது என்று ஆகிவிடும். நாளைக்கு அவன் கட்டப்போகும் ஆஸ்பத்திரியில் நான் ஒரு குறையைக் காட்டினால் எவன் நம்புவான்? வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த எரிச்சலை ஒரு கடைசி இடத்துக்குப் பயந்து விற்றுவிட முடியுமா?

"ஒரு வட்டமும் அழிக்க வேணாம்," என்றேன். "எல்லாம் நிஜம். இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

சட்டைப்பையில் மீந்திருந்த சாக்பீஸை எடுத்தேன். என் பெயர் பொறித்த கல்லைப் பதித்ததிலேயே கோணல் இருந்தது. என் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். இன்ஜினியர் தயங்கித் தயங்கி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்டார்.

பட்டியலில் நான் கடைசி. எனக்கும் எனக்கு முந்தினவருக்கும் இடையே இருந்த தூரத்தில் இன்னொரு நூலகம் கட்டலாம். சகலை முதல். ஆஸ்பத்திரி அவனுக்கு. வீட்டுக்கு வந்து படுத்தேன். என் மனைவி பாத்திரத்தோடு வந்தவள், பாத்திரம் உருகிவிடும் என்று பயந்து திரும்பிப் போய்விட்டாள். மாமியார் ஆளனுப்பினார், சின்னவர் சைட்டில் திங்கட்கிழமை வேலை ஆரம்பம், பெரிய மாப்பிள்ளை நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று.

நான் திங்கட்கிழமை போனேன். ஆனால் அவர் சொன்னதற்காக அல்ல. சனிக்கிழமையே ஆணையர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"உங்களால மூணு வருஷம் கட்ட முடியாது," என்றார். "பார்க்க முடியும்ல? சொந்தப் பேரையே சுத்தி வட்டம் போட்டவரு, சகலை பேருக்காக விட்டுக்குடுக்க மாட்டீங்க."

"நீங்க சொல்லலைன்னாலும் எதிர் மாடியில அறை பார்த்துட்டேன் மேடம்," என்றேன்.

"அறை வேணாம். உள்ளயே போங்க," என்றார்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முடியும்வரை நான் நகராட்சியின் குறைபார்வையாளர். உலகத்தில் முதலும் கடைசியுமாக அந்தப் பதவியை வகித்தவன் நான்தான். நாற்காலியில் உட்காரவே இல்லை. சகலை ஒரு செங்கல் வைத்தால் அதற்குப் பின்னால் என் மூக்கு இருக்கும். கலவையை நக்கிப் பார்த்து மணல் எந்தக் கரையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். தூக்குக்குண்டுக்கே தூக்குக்குண்டு பிடித்தேன். ஒரு சுவரை நாலு தடவை இடிக்கச் சொன்னேன். நாலாவது தடவை அதில் குறையே இல்லை, குறை இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்ஜினியர் அந்த ஒரு வட்டத்தை மட்டும் தள்ளிவிட்டார். மற்றபடி சகலை வாயைத் திறக்காமல் திருத்திக்கொண்டே வந்தான். கட்டி முடித்தபோது அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு மழை பக்கத்துத் தெருவில் போய்ப் பெய்தது. பிறந்த குழந்தைகள் அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு நேராகவே படுத்தன.

திறப்புவிழாவில் ஜனங்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டது. கட்டினது தூக்குக்குண்டு, ஆனா நிக்கறது பரவால்லயோட கண்ணாலதான்யா என்றார்கள். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி தெரிந்தது. அப்புறம் புரிந்தது, தினமும் சவரம் பண்ணும்போது நான் பார்க்கிற முகம்.

ஒரு வாரம் கழித்து வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் மச்சினி அவன் வயிற்றில் டீ போடுகிறாளாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே," என்றான், "அடுத்த பட்டியல்ல நான் கடைசியா வரணும். என்ன செய்யணும்?"

ஒரு சின்னச் சுவரைக் கோணலாகக் கட்டிப் பார்த்தானாம். மூன்று நாள் முயன்றும் நேராகவே வந்ததாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் நேர்தானாம். குறையோடு கட்டுவது எப்படி என்று கூட இருந்து சொல்லித் தரும்படி கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கல்லும் கரையும். நான் கரையவில்லை.

"அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது தம்பி," என்றேன். "அதுக்குன்னு ஒரு கை வேணும்."

வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்ததும் என் மனைவி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் கலயம் மாதிரி இருக்கிறதே என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மறுபடி அடுப்புப் பற்றவைக்கிறோம்.

இதில் எதையாவது நம்பக் கஷ்டமாக இருந்தால் என் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பெற்றவர்களுக்கு ஒரே பெண், அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.